மட்டில் மெயில் இணைப்பு அறுந்துபோகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் நாலைந்து சின்ன அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். டெர்மினலிலேயே மெயில் படிக்கும் 'மட்' மென்பொருளைப் பலருக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும், கையை மவுஸுக்குக் கொண்டுபோகாமலே நூறு மெயிலைப் பார்த்து முடித்துவிடலாம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் போட்டுக் கொடுத்த ஒரு வாரத்துக்குள் எல்லோரிடமிருந்தும் ஒரே போன்தான் வரும்: "கட் ஆகுது." காவேரிப்பட்டணத்திலிருந்தும், பாலக்கோட்டிலிருந்தும், ஓசூரிலிருந்தும் வந்த அந்தச் சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டளைகளையும் செட்டிங் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். சொற்களுக்கு நடுவில் உள்ள அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள். செட்டிங் எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் 'மட்ஆர்சி' என்ற ஃபைலுக்குள் போகவேண்டியவை. ஃபைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி உண்டு.

"சார், பிரவுசர்ல ஜிமெயில் நல்லாத்தான் ஓடுது. மட்ல மட்டும் ஏன் கட் ஆகுது? நெட்டு சரியாத்தானே இருக்கு?"

பிரவுசர் தனக்குத் தேவைப்படும்போதெல்லாம் சர்வரிடம் புதிதாகக் கேட்டுக்கொள்ளும். ஒரு இணைப்பு போனால் சத்தமில்லாமல் இன்னொன்றைத் திறந்துகொள்ளும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. மட் அப்படித் தேவைக்கேற்பத் திறந்து மூடுவதில்லை. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையில் காலையில் ஒரு இணைப்பைத் திறந்தால், நீங்கள் மூடும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். போனை வைக்காமல் இரண்டு பக்கமும் பேசாமல் இருப்பதைப் போல. அந்த மௌனத்தின் நடுவே யார் லைனை எடுத்தாலும், அடுத்து நீங்கள் பேச வாயைத் திறக்கும்போதுதான் தெரியவரும்.

ஆகவே பிரவுசர் ஓடுகிறது என்பது லைன் உயிரோடு இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. பிடித்துவைத்த ஒரு இணைப்பு அரைமணி நேரம் அறுபடாமல் இருந்ததா என்பதை அது சொல்லாது.

"அப்போ யார்தான் கட் பண்றாங்க? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மூன்று பேர் கட் செய்யலாம். ஒன்று, அந்தப் பக்கம் இருக்கும் சர்வர். இரண்டு, நடுவில் இருக்கும் ரூட்டரோ மொபைல் நிறுவனத்தின் கருவியோ. மூன்று, உங்கள் கணினியே. எந்தச் செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் இந்த மூவரில் யார் என்று தெரியவேண்டும். இதைப் பார்க்காமல் இணையத்தில் கிடைத்த வரிகளை எல்லாம் ஒட்டிக்கொண்டே போனவர்களுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன்.

கண்டுபிடிக்க வேண்டியது ஒரு கடிகாரமும் ஒரு துண்டுத் தாளும்தான். மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு பார்க்கும் அம்மா ஒருவருக்கு இதைச் சொன்னேன். லாரி எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்: "3 நிமிஷம், இருந்தது. 4, இருந்தது. 9, போச்சு. 5, இருந்தது. 6, போச்சு. 12, போச்சு." மட்டைத் தொடாமல் எத்தனை நிமிடம் விட்டார், திரும்பி வந்து ஒரு மெயிலைத் திறந்தபோது இணைப்பு இருந்ததா என்பதுதான் கணக்கு. அந்த ஆறு வரியிலேயே விஷயம் முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கும் ஆறு நிமிடத்துக்கும் நடுவில் யாரோ ஒரு டைமர் வைத்து வெட்டுகிறார்கள். ஐமேப் சர்வர் இவ்வளவு அவசரப்படாது என்பதால் நடுவில் இருந்த ரூட்டர் மேல் சந்தேகம் போனது. அவருடைய மட்ஆர்சியைத் திறந்தால், எங்கிருந்தோ ஒட்டிய ஒரு பழைய வரி: கீப்அலைவ் 900. இணைப்பு அறாமல் இருக்க, எத்தனை விநாடிக்கு ஒருமுறை மட் சர்வரிடம் குரல் கொடுக்கவேண்டும் என்பதுதான் கீப்அலைவ். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மட் வாயைத் திறந்திருக்கிறது. அதை 120 ஆக்கினோம், பிறகு அந்தப் புகார் வரவில்லை.

இப்படிக் குறிப்பிட்ட நேரத்தைத் தாண்டினால் போகிறது என்றால் டைமர். நேரத்துக்கு ஒரு ஒழுங்கே இல்லை, தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே போகிறது என்றால் லைன் கோளாறு. மூடித் திறந்தால் மட்டும் போகிறது என்றால் உங்கள் லேப்டாப். கீழே வரும் பதில்களில் பலவும் இந்தத் தாளை வைத்துத்தான் பேசும். அதனால் முதலில் அதை எழுதிவிடுங்கள்.

"கீப்அலைவ் எவ்வளவு வைக்கணும்ணா? 10 வெச்சா இன்னும் நல்லதுதானே?"

வேண்டாம். 'செட் ஐமேப்_கீப்அலைவ் = 120' போதும். எண் விநாடியில். ஒன்றும் எழுதாவிட்டால் மட் 300 என்று எடுத்துக்கொள்ளும். ஐமேப் விதிப்படி, லாகின் செய்தவர் சும்மா இருந்தால் சர்வர் குறைந்தது 30 நிமிடம் பொறுத்திருக்கவேண்டும். 2003இல் எழுதிய விதியிலும் இருந்தது, 2021இல் புதுப்பித்தபோதும் அப்படியே வைத்தார்கள். எல்லா சர்வரும் அதை மதிப்பதில்லை, நடுவில் உள்ள கருவிகளுக்கோ அந்த விதியே கிடையாது. அதனால்தான் 300 என்பதையும் சில இடங்களில் குறைக்கவேண்டியிருக்கிறது.

மட் அனுப்புவது "இருக்கிறேன்" என்ற அளவில் சில பைட்டுகள்தான், டேட்டா கரையாது. ஆனால் 10 விநாடிக்கு ஒருமுறை தட்டினால், நெட் கொஞ்சம் தடுமாறும் ஒவ்வொரு தடவையும் மட் அந்தத் தடுமாற்றத்தில் போய் மாட்டிக்கொள்ளும். எடைச்சீட்டில் வந்த நேரத்தில் பாதிக்கும் குறைவாக வைத்தால் சரி.

"கீப்அலைவ் குறைச்சும், 'போல்' பண்ணும்போதே கட் ஆகுது சார்."

போல் என்றால், புது மெயில் உண்டா என்று மட் சர்வரிடம் கேட்பது. உங்கள் லைன் மெதுவாக இருக்கிறது. கேள்வி கேட்டுவிட்டு சர்வரின் பதிலுக்காக மட் 15 விநாடிதான் காத்திருக்கும், வராவிட்டால் தானே மூடிவிடும். அதாவது இங்கே கட் செய்வது உங்கள் மட். 'ஐமேப்_போல்_டைம்அவுட்' என்பதை 45 ஆக்கிப் பாருங்கள்.

"ஐடில்னு ஒண்ணு இருக்காமே, அதைப் போட்டா கட் ஆகாதாமே?"

ஐடில் என்பது வேறு வேலைக்கு. புது மெயில் வந்ததும் சர்வரே சொல்லட்டும் என்று காத்திருக்கும் முறை அது. 1997இல் வந்த அதன் விதியே, 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஐடிலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறது. காரணம் மேலே சொன்ன அதே 30 நிமிடம்தான். நடுவில் இருக்கும் ரூட்டர் ஆறு நிமிடத்தில் வெட்டினால் ஐடில் என்ன செய்யும்? அதுவும் மௌனமாகத்தான் காத்திருக்கிறது.

மெயில் உடனே தெரியவேண்டும் என்றால் 'ஐமேப்_ஐடில்' போடுங்கள். கூடவே கீப்அலைவ் எண்ணையும் குறைத்தே வையுங்கள், ஐடிலைப் புதுப்பிக்கவும் மட் அந்த எண்ணைத்தான் பார்க்கிறது.

"தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் பஸ்ல வரும்போது ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷத்துல நாலு தடவை போயிடுச்சு."

போகத்தான் செய்யும். மொபைல் டேட்டாவில் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி (இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் எண்) பெரும்பாலும் கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே முகவரியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். யாருடைய இணைப்பு எது என்று நிறுவனத்தின் கருவி ஒரு பட்டியல் வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேசாத இணைப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், உங்களுக்குச் சொல்லாது. இதற்குக் கீப்அலைவ் மருந்து. ஆனால் காட்டுப் பாதையில் சிக்னலே போய், திரும்பி வரும்போது போனுக்கு வேறு முகவரி கிடைத்துவிட்டால், பழைய இணைப்பு செத்தது செத்ததுதான். எந்தச் செட்டிங்காலும் அதை எழுப்ப முடியாது.

பயணத்தில் இருப்பவர்களுக்கு நான் மனதார சொல்வது வேறு வழி: மெயிலை 'எம்பிசிங்க்' கொண்டு உங்கள் டிஸ்க்குக்கே இறக்கிக்கொள்ளுங்கள். மட் அந்த உள்ளூர் ஃபோல்டரைத் திறக்கட்டும். சிக்னல் இருக்கும்போது எம்பிசிங்க் ஒருமுறை ஓடி இரண்டு பக்கமும் சமன் செய்துவிடும். அனுப்புவதற்கு 'எம்எஸ்எம்டிபி'. அஞ்செட்டி மலைப்பாதையில் நெட் இல்லாமலே பழைய மெயிலைத் தேடிப் பதில் எழுதி வைக்கலாம். தினமும் பஸ்ஸில் போய்வரும் ஓர் ஆசிரியருக்கு இப்படி அமைத்துக் கொடுத்தேன், கட் ஆகிறது என்ற பேச்சே அவரிடம் இப்போது இல்லை.

"கரண்ட் போய் வந்ததுக்கப்புறம் மட் திறக்கவே மாட்டேங்குது. சர்டிஃபிகேட் ஏதோ சரியில்லைன்னு சொல்லுது."

முதலில் மணியைப் பாருங்கள். 'டேட்' என்று அடித்தால் தேதி வரும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மேல் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. அது தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போது கணினி ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடும். சர்வர் தான் யார் என்று காட்டத் தரும் சான்றிதழில் (அதுதான் சர்டிஃபிகேட்) 'இந்தத் தேதியிலிருந்து செல்லும்' என்று இருக்கும். உங்கள் கணினியோ இன்னும் அந்தத் தேதியே வரவில்லை என்று நினைக்கும். பேட்டரி மாற்றினால் தீர்ந்தது, விலையும் பெரிதில்லை.

தேதி சரியாக இருந்து, நெட்டே வரவில்லை என்றால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, மட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. விளக்கு சரியாக இருந்தால் ரூட்டர் முழுதாக எழும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் ரூட்டருக்கென்று ஒரு சின்ன 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வைப்பது நல்லது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, ரூட்டர் மட்டும் அணைந்து இணைப்பு போவதைத்தான் பலர் மட்டின் கோளாறு என்று நினைக்கிறார்கள்.

"லேப்டாப்பை மூடித் திறந்தா 'மெயில்பாக்ஸ் க்ளோஸ்டு'ன்னு வருது. அழிச்ச மெயில் எல்லாம் திரும்ப வந்து உக்காந்துருக்கு!"

மூடியபோது கணினி தூங்கிவிட்டது, இணைப்பு போய்விட்டது. மட்டில் 'டி' அழுத்தினால் மெயிலுக்கு அழிக்கும் குறி மட்டும்தான் விழும். டாலர் விசையை அழுத்தும்போதோ, ஃபோல்டரை மாற்றும்போதோ, வெளியேறும்போதோதான் அது சர்வருக்குப் போகும். அதற்கு முன்னால் இணைப்பு அறுந்தால் குறிகள் போய்விடும். மூடுவதற்கு முன்னால் ஒரு டாலர். இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

2020 நவம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, இணைப்பு போனால் மட் தானே மறுபடி இணைந்து, அனுப்பாத குறிகளையும் முடிந்தவரை சேர்த்துக்கொள்ளும். உபுண்டு 20.04இல் இருப்பது 1.13, அதில் இது கிடையாது. 22.04இல் 2.1 இருக்கிறது. 'மட் -வி' அடித்தால் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும். பழையதாக இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றலாம்.

"'டூ மெனி சைமல்டேனியஸ் கனெக்‌ஷன்ஸ்'னு வருது. நான் ஒருத்தன்தானே பார்க்கிறேன்?"

ஜிமெயிலில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புதான். நீங்கள் ஒருத்தர்தான், ஆனால் போனில் ஒரு மெயில் ஆப், அலுவலகத்தில் தண்டர்பேர்ட், வீட்டில் மட் என்று எல்லாம் கணக்கில் சேரும். தண்டர்பேர்ட் மட்டுமே ஒன்றுக்கு மேல் திறந்து வைக்கும். ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களைத் திறந்துவைக்கும் 'டீமக்ஸ்' பயன்படுத்துகிறவர்கள் பழைய ஜன்னலில் மறந்துவிட்ட மட்டையும் தேடுங்கள். 'பிகிரெப் -ஏ மட்' அடித்தால் ஓடிக்கொண்டிருப்பதெல்லாம் வரிசையாக வரும். போன வாரம் ஒரு மாணவரின் கணினியில் ஆறு மட் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்பாக்ஸைத் திறக்கும்போதே பாதியில நின்னுடுது. நாப்பதாயிரம் மெயில் இருக்கு."

தலைப்புகளை எல்லாம் ஒரே மூச்சில் கேட்பதால் வரும் பிரச்சினை. 'ஐமேப்_ஃபெட்ச்_சங்க்_சைஸ்' என்பதை 500 என்று வையுங்கள், ஐநூறு ஐநூறாகக் கேட்கும். கூடவே 'ஹெட்டர்_கேஷ்', 'மெசேஜ்_கேஷ்டிர்' இரண்டுக்கும் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். ஒருமுறை இறக்கியதை மறுபடி இறக்காது. முதல் தடவை பொறுமையாகக் காத்திருக்கவேண்டும், அப்புறம் சில விநாடிகள்தான்.

எம்பிசிங்க் கொண்டு மொத்தத்தையும் இறக்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பிக்குமேல் இறக்க ஜிமெயில் விடாது. பத்து ஜிபி கணக்கு என்றால் நாலைந்து நாளாகப் பிரித்து இறக்குங்கள்.

"பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன். லாகின் ஃபெயில்டுன்னு வருது. இதுவும் கனெக்‌ஷன் பிரச்சினைதானா?"

இல்லை, இணைப்பு நன்றாக இருப்பதால்தான் சர்வர் உங்களை வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. தனிநபர் கணக்குகளில் வழக்கமான பாஸ்வேர்டை இப்படிப்பட்ட மென்பொருளில் பயன்படுத்துவதை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, இப்படிப்பட்ட மென்பொருளுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்று எடுத்து, அதை மட்டில் போடவேண்டும். கூகுள் பாஸ்வேர்டை மாற்றினால் பழைய ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் செல்லாமல் போய்விடும். "நேத்து வரைக்கும் ஓடுச்சு" என்பவர்களில் பாதிப் பேர் முந்தின நாள் பாஸ்வேர்ட் மாற்றியவர்கள்.

"சரியா ஒரு மணி நேரம் ஓடுது, அப்புறம் போகுது. கீப்அலைவ் எல்லாம் சரிதான்."

இது எனக்குப் பிடித்த கேள்வி. கேட்டவர் ஏற்கெனவே நேரத்தை எழுதிப் பார்த்திருக்கிறார் பாருங்கள். ஒரு மணி நேரம் என்றதும் ஓஆத் டோக்கனைத்தான் நினைக்கவேண்டும். மைக்ரோசாஃப்ட் மெயிலுக்கு இப்போது அந்த முறைதான். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு தற்காலிகச் சீட்டு தருவார்கள், அது வழக்கமாக ஒரு மணி நேரம் செல்லும். அது காலாவதியான பிறகு மறுபடி இணையும்போது புதுச் சீட்டு வேண்டும்.

'ஐமேப்_ஓஆத்_ரிஃப்ரெஷ்_கமாண்ட்' என்ற வரியில் மட்டுடன் வரும் ஓஆத் ஸ்கிரிப்டைக் கொடுத்திருக்கவேண்டும். பலர் முதல் தடவை கிடைத்த சீட்டை நேரே ஒட்டிவிடுகிறார்கள், அதனால்தான் ஒரு மணி நேரத்தில் நிற்கிறது. அந்த ஸ்கிரிப்டைத் தனியாக டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நீண்ட எழுத்து வரிசை வந்தால் சரி. பிழைச் செய்தி வந்தால் கோளாறு அங்கேதான்.

"பிங் போகுது, ஐமேப்போட 993 போர்ட்டும் திறந்திருக்கு. ஆனா டிஎல்எஸ் தொடங்கின இடத்துலயே அப்படியே நிக்குது."

சின்னப் பொட்டலம் போகிறது, பெரிய பொட்டலம் போகவில்லை. பிபிபிஓஇ முறையில் (ரூட்டரில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து) லாகின் ஆகும் ஃபைபர் இணைப்புகளில் 1500 பைட் பொட்டலம் 1492 ஆகச் சுருங்கும். அந்த எட்டு பைட்டை நடுவில் யாராவது தவறாகக் கையாண்டால் பெரிய பொட்டலங்கள் வழியிலேயே மறைந்துவிடும். இணைப்பை ரகசியமாக்கும் டிஎல்எஸ் தொடங்கும்போது சர்வர் தன் சான்றிதழை அனுப்பும், அது பெரியது என்பதால் சரியாக அந்த இடத்தில் நிற்கிறது.

சோதிக்க: 'பிங் -எம் டூ -எஸ் 1464', பிறகு ஏதாவது ஒரு சர்வரின் பெயர். எம் மட்டும் பெரிய எழுத்து, 'டூ' என்பது எண் அல்ல, டி, ஓ என்ற இரண்டு எழுத்து. 1464உடன் பொட்டலத்தின் தலைப்புத் தகவலுக்கான 28 பைட்டைக் கூட்டினால் 1492. பதில் வராவிட்டால் எண்ணைக் குறைத்துக்கொண்டே போங்கள். 1400இல் பதில் வந்து 1464இல் வராமல் இருந்தால் ரூட்டரின் எம்டியூ அளவை, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவை, குறைக்கவேண்டும்.

"காலேஜ் வைஃபைல மட்டும் சர்டிஃபிகேட் கேக்குது. 'ஏ' அமுக்கிடலாமா?"

அமுக்காதீர்கள். 'ஏ' என்றால் எப்போதும் ஏற்றுக்கொள் என்று பொருள். சான்றிதழில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். மெயில் சர்வரின் பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்தால், நடுவில் ஒரு கருவி உங்கள் இணைப்பைப் பிரித்துப் பார்க்கிறது. நீங்கள் ஏற்றுக்கொண்டால் அதற்குப் பாஸ்வேர்டும் தெரிந்துவிடும். 'ஆர்' அழுத்தி மறுத்துவிட்டு, உங்கள் சொந்த டேட்டாவில் மெயில் பாருங்கள்.

"அனுப்பும்போது கட் ஆச்சு. மெயில் போச்சா இல்லையா? திரும்ப அனுப்பலாமா?"

நிதானமாகத் திரையின் கடைசி வரியைப் படியுங்கள். அனுப்புவது எஸ்எம்டிபி என்ற வேறு இணைப்பு, 465 அல்லது 587 போர்ட். அனுப்பி முடித்த பிறகுதான், 'சென்ட்' ஃபோல்டரில் ஒரு பிரதி வைக்க மட் ஐமேப்புக்குப் போகும். பலருக்கு அறுவது அந்த இரண்டாவது இடத்தில். மெயில் போய்ச் சேர்ந்திருக்கும், பிரதி மட்டும் விழுந்திருக்காது. பதறி மறுபடி அனுப்பினால் எதிராளிக்கு இரண்டு. ஒரு வியாபாரிக்கு ஒரே விலைப்பட்டியல் இரண்டு முறை போய், எது சரி என்று அவர் போன் செய்த சம்பவம் உண்டு. பிரதி வைக்க முடியவில்லை என்று மட் கேட்டால் 'ஆர்' அழுத்தி மறுபடி முயலலாம், 'எஸ்' அழுத்தித் தாண்டலாம்.

ஜிமெயில் தானே பிரதி வைத்துக்கொள்ளும், அதனால் அங்கே 'செட் ரெக்கார்ட்' வரியைக் காலியாக விடுங்கள். எழுதிப் பாதியில் நிறுத்தும் மெயில்களுக்கான 'போஸ்ட்போன்டு' ஃபோல்டரை மட்டும் உங்கள் டிஸ்க்கிலேயே வையுங்கள். இரண்டு பக்கம் எழுதியதை இணைப்பு இல்லை என்ற காரணத்தால் சேமிக்க முடியாமல் போகக்கூடாது.

"எல்லாத்தையும் பார்த்துட்டேன். இன்னும் போகுது. என்ன அனுப்பினா நீங்க சொல்வீங்க?"

மட்டை 'மட் -டி 2' என்று திறந்து, கட் ஆகும்வரை வழக்கம்போல வேலை செய்யுங்கள். ஹோம் ஃபோல்டரில் 'மட்டிபக்0' என்று, முன்னால் புள்ளியோடு ஒரு ஃபைல் உருவாகும். அதன் கடைசி இருபது வரிகளைப் பாருங்கள். சர்வர் தரப்பிலிருந்து 'பை' என்ற சொல்லோடு ஒரு வரி இருந்தால், சர்வர் சொல்லிவிட்டுத்தான் மூடியிருக்கிறது. காரணத்தையும் பெரும்பாலும் அதே வரியில் எழுதியிருக்கும். 'பை' இல்லாமல் திடீரென்று நின்றிருந்தால் நடுவழியிலோ உங்கள் லைனிலோதான் அறுந்திருக்கிறது.

இன்னொரு சோதனை, மட்டே இல்லாமல்: 'ஓபன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கொயட் -கனெக்ட்' என்று அடித்து, சர்வர் பெயர், முக்காற்புள்ளி, 993. நட்சத்திரக் குறியும் 'ஓகே'யும் உள்ள வரி வந்தால் லைன், போர்ட், டிஎல்எஸ் மூன்றும் சரி.

அந்த இருபது வரி, 'மட் -வி' காட்டும் முதல் வரி, நேரம் எழுதிய தாளின் போட்டோ. இந்த மூன்றையும் அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன்னால் வரிகளில் உங்கள் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கின்றனவா என்று பார்த்து அழித்துவிடுங்கள்.